முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குச் சிங்கப்பூரில் பாலர் பள்ளி தேடும்போது

பாலர் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமை, மருந்து பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளையின் வளர்ச்சி குறித்துச் சொல்ல ஏதாவது உண்டா என்றும் கேட்பார்கள். பேச்சு தாமதமாகும் பிள்ளை, ஆட்டிசம் இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்படும் பிள்ளை, சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்க முடியாத பிள்ளை ஆகியோரின் பெற்றோர் தடுமாறுவது அந்த இடத்தில்தான். உண்மையை எழுதினால் இடம் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ? இப்போதைக்கு எழுதாமல் விட்டுவிட்டு, ஆசிரியருக்குப் பிள்ளை பழகிய பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமா?

அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேலைக்குப் போகும் இரண்டு பேரும் காலை ஏழரை மணிக்குப் பிள்ளையை எங்கேயாவது விட்டாக வேண்டும். வீட்டுப் பக்கத்துப் பாலர் பராமரிப்பு நிலையத்தில் ஓர் இடம் கிடைப்பதே பெரிய விஷயமாக இருக்கும் பேட்டைகளும் உண்டு. இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் சொன்னதும் நிலையத் தலைவர் அடுத்து என்ன கேட்கிறார் என்பதை வைத்து அந்த நிலையத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதுபோல, எந்த விளம்பரப் பலகையை வைத்தும் தெரிந்துகொள்ள முடியாது. அதை விளக்க, இங்குள்ள ஏற்பாடுகள் எப்படி இயங்குகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் மருத்துவமனையில் தரும் சுகாதாரக் கையேட்டில், தடுப்பூசிப் பக்கங்களோடு வளர்ச்சிப் பரிசோதனைப் பக்கங்களும் இருக்கின்றன. எந்த வயதில் தலை நிற்க வேண்டும், எப்போது விரலால் காட்ட வேண்டும், எப்போது இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ தடுப்பூசிக்குப் போகும்போது இதையும் பார்ப்பார்கள். ஏதாவது இடறினால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் சிறார் வளர்ச்சிப் பிரிவுக்கோ, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் அதுபோன்ற பிரிவுக்கோ கடிதம் தருவார்கள். முதல் சந்திப்புக்கே காத்திருக்க வேண்டிவரும் என்பதால், சந்தேகம் வந்தவுடன் கடிதம் வாங்கிவிடுவது நல்லது.

நம் வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் நாள் ஓடுகிறது. அவன் அப்பாவே நாலு வயசில்தான் பேசினார் என்று பாட்டி சொல்வார். ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்று சித்தி சொல்வார். அவர்கள் சொல்வது சரியாகப் போகும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் இழப்பு எதுவும் கிடையாது. பார்க்காமல் விட்டு ஐந்து வயதில் தெரிந்தால், பள்ளியின் முதல் வகுப்பான தொடக்கநிலை ஒன்றுக்கு முன்னால் மிச்சமிருப்பது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான். பாலர் பள்ளி ஆசிரியர்தான் இதை முதலில் கவனித்துச் சொல்பவராகவும் இருக்கலாம். அப்படி ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தால் கோபப்படாமல் கேளுங்கள். அவருக்கும் அது எளிதான பேச்சு இல்லை.

மதிப்பீடு முடிந்ததும், பிள்ளைக்கு எவ்வளவு உதவி தேவை என்பதைப் பொறுத்து வழிகள் பிரியும். குறைந்த அளவு உதவி போதும் என்றால், பிள்ளை போகும் பாலர் பள்ளிக்கே பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்து சில வாரங்களுக்குக் கூடுதல் கவனம் தரும் வளர்ச்சி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. நடுத்தரம் முதல் அதிக அளவு உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு, சிறு வயதிலேயே பயிற்சியும் சிகிச்சையும் தரும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம்; பெற்றோர் எல்லாரும் அதை எப்பிக் (EIPIC) என்று சொல்வார்கள். ரெயின்போ சென்டர், ஆவா, எஸ்பிடி, தை ஹுவா குவான், ஃபெய் யூ போன்ற சமூக சேவை அமைப்புகள் அதற்கான நிலையங்களை நடத்துகின்றன. ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது அது.

காகிதத்தில் இது ஒழுங்காகத் தெரியும். நடைமுறையில் எப்பிக் நிலையம் ஓர் இடம், பாலர் பள்ளி வேறோர் இடம். வாரத்தில் சில நாள், சில மணி நேரம் மட்டும் இங்கே. மற்ற நேரம் அங்கே. நடுவில் யார் கூட்டிப்போவது? அப்பா அரை நாள் விடுப்பு எடுக்கிறார், அல்லது பணிப்பெண் பேருந்தில் கூட்டிப்போகிறார், அல்லது முழங்கால் வலியோடு தாத்தா எம்ஆர்டி படியிறங்குகிறார். யாராலும் முடியாத குடும்பத்தில் அம்மா வேலையை விடுகிறார். பிள்ளைக்கும் இரண்டு இடம், இரண்டு விதமான ஆசிரியர்கள், இரண்டு விதமான விதிகள். மாற்றம் பிடிக்காத பிள்ளைக்கு இதுவே பெரிய சுமை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் என்ற எண்ணம் இங்கே வலுப்பெற்றதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம். ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில், உடற்குறையுள்ளோருக்கான சமூக வளாகமான எனேபலிங் வில்லேஜில், ஆவா அமைப்பு 2016இல் கிண்டில் கார்டன் பாலர் பள்ளியைத் தொடங்கியது. அங்கே ஏறக்குறைய 30 விழுக்காட்டு இடங்கள் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு. மீதி இடங்களில் மற்றப் பிள்ளைகள், ஒரே வகுப்பில், ஒரே மேசையில். அதற்கும் முன்பிருந்தே, சில நிலையங்களில் லேசான தேவையுள்ள பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் ஒருங்கிணைந்த பராமரிப்புத் திட்டம் இருந்தது. பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு, அதாவது இசிடிஏ, 2021இல் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. நடுத்தர அளவு உதவி தேவைப்படும் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்காக, தலையீட்டு ஆசிரியரும் பாலர் பள்ளி ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்பிக்கும் முன்னோட்டத் திட்டத்தைச் சில நிலையங்களில் தொடங்கியது. பிள்ளையை உதவி இருக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், பிள்ளை இருக்கும் இடத்துக்கு உதவி வருகிறது. பெற்றோரின் வாரம் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

2023இன் இரண்டாம் பாதியிலிருந்து ஒவ்வொரு பாலர் பள்ளியும் ஓர் இன்குளூஷன் கோ-ஆர்டினேட்டரை நியமிக்க வேண்டும் என்பதும் நடைமுறைக்கு வந்தது. வளர்ச்சித் தேவையுள்ள பிள்ளைகளைச் சீக்கிரம் அடையாளம் கண்டு, சரியான உதவிக்கு வழிகாட்டி, பெற்றோரிடமும் சிகிச்சையாளர்களிடமும் பேசும் பொறுப்பு அவருடையது. இவர் புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்ட தனி ஆளாக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் நிலையத் தலைவரோ மூத்த ஆசிரியரோ தன் வேலையோடு இதையும் பார்ப்பார். அதனால் பெயர்ப்பலகையில் அந்தப் பொறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அவரையே பார்த்துப் பேச முடியுமா என்று கேளுங்கள். சேர்வதற்கு முன்பே அவர் உங்களோடு உட்கார்ந்து 20 நிமிடம் பேசினால் அதுவே நல்ல அறிகுறி.

சரி, நேரில் போய்ப் பார்க்கும்போது என்ன பார்ப்பது?

நிலையங்கள் காட்டும் சுற்றுலாவில் புத்தக அலமாரி, விளையாட்டுத் திடல், சுவரில் ஒட்டிய ஓவியம் எல்லாம் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு நகருங்கள். பிள்ளைகளை எண்ணுங்கள், பெரியவர்களை எண்ணுங்கள். விதிப்படி, பிளேகுரூப்பில் 8 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நர்சரி ஒன்றில் 12 பிள்ளைகளுக்கு ஒருவர், நர்சரி இரண்டில் 15, கிண்டர்கார்டன் முதல் ஆண்டான கேஒன்னில் 20, அதற்கடுத்த கேடூவில் 25. வயது ஏற ஏற ஆசிரியரின் கண் ஒவ்வொரு பிள்ளைமீதும் விழும் நேரம் குறைகிறது. பிளேகுரூப்பில் எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்த பிள்ளை நர்சரியில் திடீரென்று அழவும் தள்ளவும் தொடங்கினால், பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அறையில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. சத்தம் கூடியிருக்கிறது. உட்கார்ந்திருக்கச் சொல்லும் நேரமும் கூடியிருக்கிறது.

பாட நேரத்தைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரங்களைக் கவனியுங்கள். விளையாட்டை நிறுத்திக் கை கழுவப் போகும்போது, சாப்பிட்டு முடித்துப் பாய் விரிக்கும்போது, வெளியே போகச் செருப்பு மாட்டும்போது: எந்தப் பிள்ளைக்கும் சிரமமான நேரங்கள் அவை. நல்ல ஆசிரியர் ஐந்து நிமிடத்துக்கு முன்பே சொல்லிவைப்பார். அடுத்து என்ன என்று படம் காட்டுவார். ஒரு பிள்ளை தரையில் உருண்டு அழுதால் யார் போகிறார், எவ்வளவு கீழே குனிகிறார், மற்றப் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அந்த நேரத்தில் உங்களை வேறு பக்கம் கூட்டிப்போக அவசரப்படாத நிலையம் எனக்குப் பிடிக்கும்.

நிலையத் தலைவரிடம் கேட்க வேண்டியவையும் அன்றாட விஷயங்கள்தான். என் பிள்ளைக்குக் கழிவறைப் பழக்கம் இன்னும் வரவில்லை, யார் டயப்பர் மாற்றுவார்? மதியம் தூங்காது, அந்த இரண்டு மணி நேரம் எங்கே இருக்கும்? தயிர்ச் சோறு மட்டும்தான் சாப்பிடும், வீட்டிலிருந்து கொடுத்தனுப்பலாமா? வெளிச்சுற்றுலா போகும்போது இவனும் போவானா, அல்லது அன்று மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வீர்களா? எப்பிக் ஆசிரியரோ பேச்சுச் சிகிச்சையாளரோ வகுப்புக்கு வந்து பார்க்க அனுமதிப்பீர்களா? போன ஆண்டு இருந்த ஆசிரியர்கள் இந்த ஆண்டும் இருக்கிறார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் ஒரு முகத்தோடு பழக மாதக்கணக்கில் ஆகும் பிள்ளைக்கு, ஆசிரியர் அடிக்கடி மாறும் நிலையம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரிவராது.

மறுப்பு இங்கே கடுமையாக வருவதில்லை. மென்மையாக வரும். ‘உங்கள் பிள்ளைக்கு எங்களைவிடப் பொருத்தமான இடம் இருக்கும்’ என்பார்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டு பிறகு அழைக்கவே மாட்டார்கள். பெற்றோர் சொந்தச் செலவில் ஒரு துணை ஆசிரியரை வைத்தால் பார்க்கலாம் என்று சில இடங்களில் சொல்வார்கள். அது குறைந்த செலவு இல்லை. இன்னொரு பக்கம், ‘நாங்கள் எல்லாரையும் வரவேற்கிறோம்’ என்று புன்னகையோடு சொல்லிவிட்டு, பிள்ளையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத நிலையமும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர், ‘இப்படி ஒரு பிள்ளையை நாங்கள் இதுவரை பார்த்துக்கொண்டதில்லை. அவனுக்கு எப்போது கோபம் வரும், எதனால் அடங்கும், சொல்லுங்கள்’ என்று கேட்டால், அந்தத் தலைவரை நம்பலாம் என்பது என் கருத்து. அனுபவம் இல்லாததைக் கற்றுக்கொள்ளலாம். தெரிந்துகொள்ளும் ஆசையே இல்லாத இடத்தில் அது வளராது.

மறைத்துச் சேர்த்தால் நடப்பது என்ன? இரண்டாவது வாரமே தெரிந்துவிடும். அதற்குள் ஆசிரியர், பிள்ளை அடங்காதவன் என்று முடிவுகட்டியிருப்பார். உதவிக்கான பரிந்துரை எழுத வேண்டிய நேரத்தில் புகார்க் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். அப்புறம் பேச வேண்டிய விஷயம் பிள்ளையின் தேவையாக இருக்காது. நீங்கள் ஏன் சொல்லவில்லை என்பதாகிவிடும். சேர்க்கைக்கு முன்பே சொல்லி மறுக்கப்படுவது வலிக்கும், உண்மை. ஆனால் அந்த வலி உங்களோடு நிற்கும். சேர்ந்த பிறகு ஒதுக்கப்படும் வலி பிள்ளையைப் போய்ச் சேரும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல் போன்ற அரசாங்க ஆதரவு பெற்ற பெரிய நிலையங்களில் முழுநாள் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2026இல் அது ஜிஎஸ்டி நீங்கலாக மாதம் 610 வெள்ளி. வேலை பார்க்கும் தாயின் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு அடிப்படை மானியம் 300 வெள்ளி. குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால், வருமானத்தைப் பொறுத்து 467 வெள்ளி வரை கூடுதல் மானியம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தாய்மாருக்கு முன்பு இந்தக் கூடுதல் மானியம் கைநழுவிப் போகும் நிலை இருந்தது. 2024 டிசம்பரிலிருந்து, குடும்ப வருமானம் 6,000 வெள்ளிக்குள் இருந்தால் தாய் வேலை பார்க்காவிட்டாலும் முழு மானியம் உண்டு. எப்பிக் கட்டணமும் 2019இல் பல குடும்பங்களுக்குக் குறைக்கப்பட்டது. பிள்ளைக்கான சேமிப்புக் கணக்கான பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் இருக்கும் பணத்தையும் அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் இதற்குப் பயன்படுத்தலாம்.

ஆனால் பராமரிப்பு மானியங்கள் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்குத்தான். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் குடும்பங்கள் முழுக் கட்டணத்தையும் தாங்களே கட்டுகின்றன. தனியார் சிகிச்சைச் செலவு வேறு. கைகொடுக்கப் பாட்டியும் பக்கத்தில் இல்லை. இந்தக் குடும்பங்களின் சிரமம் நம் சமூகத்திலேயே அதிகம் பேசப்படுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

இனி மொழி. நம் வீடுகளுக்கு இது மிகவும் வேண்டிய விஷயம்.

பேச்சு தாமதமாகும் பிள்ளைக்கு ஒரே மொழியில் பேசுங்கள், குழப்பாதீர்கள் என்ற அறிவுரையை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். உடனே வீட்டில் தமிழ் நின்றுவிடும். அம்மா தனக்குப் பழகாத ஆங்கிலத்தில் சுருக்கமாகக் கட்டளைகள் மட்டும் சொல்லத் தொடங்குவார். ஆங்கிலம் தெரியாத பாட்டி மௌனமாகிவிடுவார். பிள்ளையின் காதில் விழும் பேச்சு கூடுவதற்குப் பதில் குறைந்துபோகும். இரண்டு மொழிகள் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்பதும், ஆட்டிசமோ டௌன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைகளுக்கும் இரண்டு மொழிச் சூழல் கேடு செய்வதில்லை என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த முடிவு. பிள்ளைக்கு வேண்டியது நிறையப் பேச்சு, உயிருள்ள பேச்சு. அதை எந்த மொழியில் நன்றாகத் தர முடியுமோ அந்த மொழியில் கொடுங்கள். உங்கள் பேச்சுச் சிகிச்சையாளரிடமும் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். வீட்டில் தமிழ் இருக்கிறது, அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மதிப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பத்துச் சொல் மட்டும் தெரிந்த பிள்ளைக்குத் தமிழில் அறுபது சொல் தெரிந்திருக்கலாம்.

நிலையத்துக்கும் இது பொருந்தும். பெரும்பாலான நிலையங்களில் பிள்ளையின் வகுப்பில் தமிழ் தெரிந்த ஆசிரியர் இருக்க மாட்டார். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் மூன்று தாய்மொழிகளும் உண்டு. ஆனால் அவை ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானவை. அதற்கு முன் என்ன செய்வது? ஒரு தாளில் பிள்ளையின் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: தண்ணி, மம்மம், உச்சா, வலிக்குது, போதும், தூக்கு, வேணாம். பக்கத்தில் பொருளையும் எழுதுங்கள். மலாய் ஆசிரியையோ சீன ஆசிரியையோ ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார். நாள் முழுக்க ‘உச்சா’ என்று சொல்லியும் யாருக்கும் புரியாமல் நனைந்து நிற்கும் பிள்ளை அழாமல் என்ன செய்யும்? அதற்கும் நடத்தைப் பிரச்சினை என்று பெயர் வைத்துவிடக் கூடாது. அந்தத் தாளை வாங்கி வகுப்புச் சுவரில் ஒட்டும் நிலையம் எது, கோப்பில் போட்டு மூடும் நிலையம் எது என்பதும் உங்களுக்கு ஒரு தகவல்.

மற்றப் பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் வகுப்பில் தனித் தேவையுள்ள பிள்ளை ஒன்று இருந்தால், ஆசிரியரின் கவனம் அங்கேயே போய்விடுமோ என்று தோன்றலாம். அந்தக் கவலையை நிலையத்திடம் கேளுங்கள். எத்தனை பெரியவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் தாயைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பிறந்தநாள் விருந்துக்கு வகுப்பில் எல்லாரையும் அழைக்கும்போது அந்தப் பிள்ளையையும் அழையுங்கள். வராமல் போகலாம். அழைப்பு போக வேண்டும்.

நர்சரியிலேயே யோசித்துவைக்க வேண்டியது தொடக்கநிலை ஒன்று. கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தது. மிதமானது முதல் கடுமையானது வரையிலான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் அது 2019இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து நீட்டிக்கப்பட்டது. வழக்கமான தொடக்கப்பள்ளியா, சிறப்புக் கல்விப் பள்ளியா என்பதை முடிவு செய்ய மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். கேடூ ஆண்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் அதைத் தேடுவார்கள். கேஒன்னிலேயே மருத்துவமனையிடம் பேச்சைத் தொடங்குங்கள். அந்த அறிக்கைக்குப் பாலர் பள்ளி ஆசிரியரின் கவனிப்பும் உதவும். நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கும் அவர், ஒரு மணி நேரச் சந்திப்பில் தெரியாத பலவற்றைப் பார்த்திருப்பார். நல்ல நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதன் பலன் இங்கேயும் கிடைக்கும்.

தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் இருக்கிறது. பாலர் பள்ளி இங்கே கட்டாயம் இல்லை. அதனால்தான் பிள்ளையின் முதல் ஆறு ஆண்டுகளில் ஒரு நிலையத் தலைவரின் மனமும், அவரிடம் போதுமான ஆட்கள் இருப்பதும் இவ்வளவு பெரிதாகிவிடுகின்றன. கோ-ஆர்டினேட்டர் என்ற பதவி எல்லா இடத்திலும் வந்துவிட்டது நல்லதுதான். அந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு வகுப்பிலிருந்து விலகிச் செய்ய நேரமும், கூடுதலாக ஓர் ஆளும் தராவிட்டால், பெற்றோரின் அலைச்சல் குறையாது. ஒரே வகுப்பில் இருவர் சேர்ந்து கற்பிக்கும் திட்டம் ஒவ்வொரு பேட்டையிலும் குறைந்தது ஒரு நிலையத்திலாவது இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்களுக்கு மறுப்பு வந்திருந்தால், அல்லது பதிலே வராமல் இருந்தால், அங்கேயே நிற்காதீர்கள். மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள்; பிள்ளையின் வயதில் எங்கே சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பையும் தொடர்புகொள்ளுங்கள். நிலையம் என்ன காரணம் சொன்னது என்பதை நாளோடு எழுதிவையுங்கள். காரணம் நியாயமாகப் படவில்லை என்றால் இசிடிஏவுக்கு எழுதுங்கள். அதோடு, இடம் கொடுத்த நிலையத்தில் பிள்ளை சேர்ந்த பிறகு, முதல் மாத முடிவில் ஆசிரியர், கோ-ஆர்டினேட்டர், முடிந்தால் எப்பிக் ஆசிரியர் எல்லாரும் சேர்ந்து உட்காரும் ஒரு சந்திப்பைச் சேர்க்கை நாளன்றே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டிதான் பிள்ளையைக் கொண்டுவிடுகிறார் என்றால் அவரையும் அழைத்துப் போங்கள்.